மூன்று முறை கத்தினார்கள்

ஒரே ஒரு சொல்லுக்காக ஒன்பது நாள் வேலையை நிறுத்தி வைத்திருந்தேன். அண்ணனிடம் சொன்னபோது, "பள்ளிக்கூடத்தில் இருந்தபோதாவது சம்பளம் வந்தது" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. தூத்துக்குடியில் முப்பத்தொரு வருடம் ஆங்கில ஆசிரியையாகக் காலம் தள்ளிவிட்டு, ஓய்வு பெற்றபின் மொழிபெயர்ப்பில் இறங்கியிருக்கிறேன். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. அந்த ஒன்பது நாளில் நான் முடித்தது முக்கால் பக்கம்.

சிறு பதிப்பகம் ஒன்றுக்காக, 1740களில் கப்பலேறிய ஆங்கிலேய மாலுமி ஒருவரின் பயணக் குறிப்பைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். முதல் அத்தியாயத்திலேயே மாட்டிக்கொண்டேன். போர்ட்ஸ்மவுத்தில் கப்பல் நங்கூரம் எடுக்கப் போகிறது. வழியனுப்ப வந்த நண்பர்கள் கப்பல் தலைவரிடம் விடைபெற்றுப் படகில் இறங்குகிறார்கள். மாலுமிகள் கப்பலின் ஓரத்தில் வரிசையாக நின்று மூன்று முறை ஏதோ கத்துகிறார்கள். அந்த 'ஏதோ'தான் சிக்கல். சொல், 'ஹஸ்ஸா'.

இப்படி எழுதியதற்கே மன்னிக்க வேண்டும். நடுவில் வருவது ஆங்கில நெடுங்கணக்கின் கடைசி எழுத்து, அதுவும் இரட்டையாக. வண்டு முரலுவது போன்ற அந்த ஒலிக்குத் தமிழிலும் எழுத்து இல்லை, கிரந்தமும் கைகொடுக்காது. 'ஹுசா' என்று எழுதிப் பார்த்தேன். எதிர்வீட்டு உஷாவைக் கூப்பிடுவதுபோல் இருந்தது.

சரி, ஒலியை விட்டுப் பொருளைப் பிடிக்கலாம் என்றால், வீட்டிலிருக்கும் அகராதி 'மகிழ்ச்சி ஆரவாரம்' என்கிறது. "மாலுமிகள் மூன்று மகிழ்ச்சி ஆரவாரங்கள் செய்தனர்." நகராட்சி அறிவிப்புப் பலகையில் எழுதலாம், கப்பலில் எழுத முடியாது. 'வாழ்க' என்றால் யார் வாழ்க என்று கேள்வி வரும். 'ஜே' போட்டால் காந்தி தொப்பி கண்ணில் தெரிகிறது. குலவை அருமையான சொல், ஆனால் அது பெண்களின் நாக்குக்கு உரியது. முரட்டு மாலுமிகள் குலவையிட்டார்கள் என்று எழுதினால் நூலின் மற்ற முந்நூறு பக்கங்களையும் யாரும் நம்ப மாட்டார்கள். 'ஓவென்று' கத்தினார்கள் என்று போடலாம்தான். நம் ஊரில் ஓவென்று அழவும் செய்வார்களே.

இன்றைய ஆங்கிலத்தில் யாராவது இந்தச் சொல்லைச் சொன்னால், விளையாட்டுக்குப் பழங்கால வேடம் போடுகிறார் என்று பொருள். அமெரிக்காவில் 1963 முதல் நடக்கும் மறுமலர்ச்சிக் காலத் திருவிழாக்களில், எலிசபெத் ராணி காலத்து உடையோடு கடை போட்டிருப்பவர்கள், யாராவது அன்பளிப்பாகக் காசு போட்டால் கூட்டமாக "ஹஸ்ஸா!" என்று கத்துவார்கள். உண்மையில் இந்தச் சொல் அச்சில் செழித்தது ராணி போய்ச் சேர்ந்து எண்பது வருடம் கழித்து, 1680களில். ஷேக்ஸ்பியர் நாடகங்களில் இது கிடையாது. என் மாணவிகள் ஆண்டுவிழாவில் சோழர் காலத்து அரசவையில் மிளகாய் பஜ்ஜி பரிமாறினார்கள்; அந்த மாதிரிதான்.

சொல் எங்கிருந்து வந்தது என்பதற்கு எனக்குக் கிடைத்த நல்ல சாட்சி, ரோஜர் நார்த் என்ற வழக்கறிஞர். அவர் இறந்து ஆறு ஆண்டுகள் கழித்து, 1740 இல் அச்சான 'எக்ஸாமென்' என்ற நூலில் இரண்டாம் சார்லஸ் மன்னர் காலத்துக் கட்சிச் சண்டைகளை எழுதியிருக்கிறார். அரசர் பக்கம் நின்ற டோரிகள் விருந்துகளில் யாருடைய நலத்துக்காவது கோப்பையை உயர்த்திக் குடிக்கும்போதெல்லாம் இந்தக் கூச்சலை எழுப்புவார்களாம். எதிர்க்கட்சியான விக் கட்சியினர், பாருங்கள் இந்த முரடர்களை என்று குறை சொல்வார்களாம். நார்த் டோரிகளின் ஆள். அதனால் வக்கீலாயிற்றே, வாதாடுகிறார்: இது கடலிலிருந்து வந்த வழக்கம், நண்பர்கள் கப்பலில் ஏறும்போதும் இறங்கும்போதும் மாலுமிகள் போடும் கூச்சல் இது.

படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. என் மாலுமி செய்வதும் அதையேதானே! நண்பர்கள் இறங்குகிறார்கள், மூன்று முறை கத்துகிறார்கள். விருந்து மேசைக்கும் தேர்தல் மேடைக்கும் போகும் முன்பு இந்தச் சொல் இருந்த இடத்தில்தான் என் முக்கால் பக்கம் நிற்கிறது.

அதற்கும் பின்னால் போனால் அகராதிக்காரர்கள் 'இருக்கலாம்' என்று பேச ஆரம்பிக்கிறார்கள். 1550ஐ ஒட்டி ஸ்காட்லாந்து மொழியில் வெளிவந்த 'காம்ப்ளெயின்ட் ஆஃப் ஸ்காட்லாந்து' என்ற நூலில் ஒரு கப்பல் புறப்படும் காட்சி வருகிறது. பாய்மரத்தை ஏற்றும் மாலுமிகளின் கூச்சல்களை ஆசிரியர் காதில் விழுந்தபடியே எழுதி வைத்திருக்கிறார். புண்ணியவான். அதில் ஒன்று 'ஹைசா'. கயிற்றை இழுத்து எதையாவது மேலே ஏற்றுவதற்கு இன்றும் ஆங்கிலத்தில் 'ஹாய்ஸ்ட்' என்கிறார்கள். ஜெர்மானியர்களுக்கு 'ஹிஸன்', பிரெஞ்சுக்காரர்களுக்கு 'ஈஸே'. துறைமுகத்துக்குத் துறைமுகம் தொற்றிக்கொண்ட சொற்குடும்பம். ஹஸ்ஸாவும் அந்தக் குடும்பத்துப் பிள்ளையாக இருக்கலாம் என்பது ஊகம். 'இருக்கலாம்' என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அடுத்த இரண்டு நாள் நான் அதை மறந்துவிட்டேன்.

ஹைசா. இந்தக் கடற்கரையில் பிறந்தவர்கள் யாராக இருந்தாலும் அதைப் படித்ததும் என்ன நினைப்பார்கள்? ஏலேலோ ஐலசா!

மணப்பாட்டில் இருக்கும் தாய்மாமாவுக்குப் போன் போட்டேன். வயது எண்பத்திரண்டு. ஐம்பது வருடம் கரமடி, அதாவது கரையில் நின்று இழுக்கும் வலை, இழுத்த கை. காது கொஞ்சம் மந்தம், எனவே தெருவே கேட்கும்படி கத்தினேன்.

"மாமா, ஐலசாவுக்கு என்ன அர்த்தம்?"

"எதுக்கு?"

"ஐலசா! அம்பா பாட்டில் வருமே!"

"அதற்கு என்ன அர்த்தம் வேண்டும்? 'ஐல' என்னும்போது கயிற்றைப் பிடிக்க வேண்டும். 'சா' என்னும்போது இழுக்க வேண்டும். முப்பது பேரும் ஒரே 'சா'வில் இழுக்காவிட்டால் மடி வராது, முதுகுதான் போகும்."

இதைவிடத் தெளிவான சொல்விளக்கத்தை நான் எந்த அகராதியிலும் பார்த்ததில்லை. பிறகு அவராகவே ஒன்று சொன்னார். மடி தூரத்தில் இருக்கும்வரை ஐலசா முனகலாக வருமாம். கரைக்கு நெருங்க நெருங்க, உள்ளே மீன் துள்ளுவது தெரிந்துவிட்டால், அதே ஐலசா வேறு மாதிரி கேட்குமாம். "கடைசி இழுப்பில் யாரும் பாடமாட்டான் அம்மா, கூவுவான். பிள்ளைகள் எல்லாம் ஓடி வந்துவிடும்."

எனக்கும் நினைவு இருக்கிறது. கோயில் பக்கமிருந்து நாங்கள் ஓடியிருக்கிறோம். கரையிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டே, இன்றைக்கு மீன்பாடு உண்டா இல்லையா என்று அம்மா சொல்லிவிடுவாள். சொல்லில் ஒரு மாற்றமும் இருக்காது. வேலைக்கூச்சல் எந்த இடத்தில் மகிழ்ச்சிக்கூச்சலாக மாறியது என்று கோடு கிழித்துக் காட்ட முடியாது; கயிறு அதேதான், ஆட்கள் அவர்கள்தான். கப்பலில் பாய் ஏற்றும் கத்தல் எப்படி நண்பனை வழியனுப்பும் கத்தலாக மாறியிருக்கும் என்று புத்தகங்களில் தேடிக்கொண்டிருந்தவளுக்கு மாமா போனில் காட்டிவிட்டார்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நான் நிறுத்தவில்லை.

கயிற்றை இழு, மேலே ஏற்று என்று கட்டளையிடப் போர்த்துகீசிய மாலுமிகள் சொல்வது 'ஈசா'. பிரான்சிஸ் சவேரியார் எங்கள் கரைக்கு வந்தது 1542 இல். அதற்கு முன்பே போர்த்துகீசியக் கப்பல்கள் முத்துக்காக வந்துகொண்டிருந்தன. ஜன்னல், மேசை, சாவி, அலமாரி என்று வீடு நிறைய அவர்கள் விட்டுப்போன சொற்கள். அப்படியானால் ஐலசாவின் 'சா'வும் அவர்கள் 'ஈசா'வின் வால்தானோ? ஹைசாவும் ஈசாவும் உறவு என்றால், ஐலசாவும் ஹஸ்ஸாவும் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள்! இரவு ஒரு மணிக்கு எழுந்து உட்கார்ந்து அரைப்பக்கம் எழுதினேன். ஓய்வு பெற்ற ஆசிரியைக்கு இது ஆபத்தான நேரம். ஆதாரம் என்று பார்த்தால் ஒரு 'சா' மட்டும்தான் கையில் இருக்கிறது. 'சா' என்று முடிகிற சொற்களையெல்லாம் உறவாக்கினால் தோசாவையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

என்னைத் தெளியவைத்தது ஒரு பழைய அகராதியின் தலைப்பு. இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர்களின் வழக்குச் சொற்களைத் தொகுத்து ஹென்றி யூலும் ஆர்தர் பர்னெலும் 1886 இல் வெளியிட்ட அகராதியின் பெயர் 'ஹாப்சன்-ஜாப்சன்'. பர்னெல் நம் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், அரண்மனைச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவர். நூல் அச்சாவதற்குள் இறந்துவிட்டார். தலைப்பு எங்கிருந்து வந்தது? மொகரம் ஊர்வலத்தில் "யா ஹசன்! யா ஹுசைன்!" என்று மார்பில் அறைந்துகொண்டு போகிறவர்களின் ஓலத்தை, வேடிக்கை பார்த்த வெள்ளைக்காரச் சிப்பாய்களின் காது 'ஹாப்சன் ஜாப்சன்' என்று, தங்கள் ஊரில் இருக்கும் இரண்டு குடும்பப் பெயர்களாகக் கேட்டிருக்கிறது. அயலான் கூச்சலில் தன் வீட்டுச் சொல்லைக் கேட்கும் காது. ஸ்காட்லாந்து மாலுமியின் தொண்டையில் மணப்பாட்டு ஐலசாவைக் கேட்ட என் காதும் அந்தச் சிப்பாயின் காதுதான். அரைப்பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

ஆனால் மாமா சொன்ன 'பிடி, இழு' மட்டும் கிழிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டது. ஹஸ்ஸாவிலும் முதல் அசை மெலிந்தது, இரண்டாவதில்தான் பலம் இறங்குகிறது. ஹ என்று மூச்சைச் சேர்த்து, ஸ்ஸா என்று விட வேண்டும். உறவு எதுவும் தேவையில்லை. கனமான கயிற்றை இழுக்கிற எவனுக்கும் மூச்சு அந்த வழியாகத்தானே வெளியேறும்?

இதற்கிடையில் இன்னொரு வம்பு. நான் இவ்வளவு நேரமும் 'ஹஸ்ஸா' என்று எழுதிவந்தது இன்றைய உச்சரிப்பு. என் மாலுமி அப்படிச் சொல்லியிருக்க வாய்ப்புக் குறைவு. சாட்சி, கவிஞர் அலெக்சாண்டர் போப். 1734 இல் வந்த 'எஸ்ஸே ஆன் மேன்' கவிதையின் நான்காம் பகுதியில் ஓர் ஈரடி இருக்கிறது: தன் மனமே தன்னை ஒப்புக்கொள்ளும் ஒரு மணி நேரம், வாய் பிளந்து பார்ப்பவர்களின் உரத்த ஹஸ்ஸாக்களோடு கழிந்த பல வருடங்களைவிடக் கனமானது என்று பொருள். முதலடி 'அவுட்வேய்ஸ்' என்று முடிகிறது. இரண்டாமடியின் கடைசிச் சொல் நம்முடையது. போப் இயைபில் கோட்டை விடுகிற ஆள் இல்லை. அப்படியென்றால் அவர் காதில் அது 'ஹஸ்ஸேஸ்'. ஒருமையில் 'ஹஸ்ஸே'. பாடபேதம் வரும்போது எதுகையைப் பார்த்துச் சரியான பாடத்தைக் கண்டுபிடிக்கும் நம் புலவர்கள் இதைக் கேட்டால் மகிழ்வார்கள். கல்லூரியில் அந்தக் கவிதையைப் படித்தபோது நான் 'ஸா' என்று வாசித்து, பேராசிரியரும் திருத்தாமல் விட்டது இப்போது நினைவுக்கு வருகிறது.

போப் ஏன் அந்தக் கூச்சலை இளக்காரம் செய்தார் என்பதற்கும் காரணம் இருக்கிறது. அதற்குள் அது கப்பலை விட்டு இறங்கி, கூலிக்குக் கிடைக்கும் பொருளாகிவிட்டது. 1706 இல் ஃபார்க்கர் எழுதிய 'ரெக்ரூட்டிங் ஆபீசர்' நாடகத்தில், பட்டாளத்துக்கு ஆள் பிடிக்க வந்தவர்கள் மகாராணிக்கு ஹஸ்ஸா, ஷ்ராப்ஷயரின் மானத்துக்கு ஹஸ்ஸா என்று கத்தித்தான் கிராமத்துப் பையன்களை வளைக்கிறார்கள். 1715 ஜனவரியில் 'ஃபிளையிங் போஸ்ட்' என்ற விக் கட்சிப் பத்திரிகை இன்னும் ஒரு படி மேலே போனது. மேற்கு இங்கிலாந்தில் டோரிகள் நடத்திய தேர்தலுக்கான செலவுப் பட்டியல் என்று ஒரு கேலிக் கணக்கை வெளியிட்டது. கும்பல் திரட்ட 20 பவுண்டு. தலையில் சூட ரிப்பன் முடிச்சுகளுக்கு 30. ஹஸ்ஸா போடும் ஆட்களுக்கு 40. 'திருச்சபை' என்ற ஒரே சொல்லை மட்டும் முழங்குபவர்களுக்குத் தனியாக 40. கல்லறைக் கற்களின் மேல் வைத்துக் குடித்த மதுவுக்கு 30. பொய்ச்சாட்சி ஒரு டஜனுக்கு 100. இரண்டு வீடுகளை இடித்ததற்கு 200. ஜன்னல் கண்ணாடி உடைத்தது 20, அது சில்லறைச் செலவு.

கேலிதான், ஆனால் 'ஹஸ்ஸா ஆட்கள்' என்று சொன்னதும் வாசகருக்குப் புரிந்திருக்கிறது என்றால், தெருவில் அப்படி ஆட்கள் இருந்திருக்க வேண்டும். லாரியில் ஏற்றிக்கொண்டுவந்து பிரியாணிப் பொட்டலம் கொடுப்பது நம் கண்டுபிடிப்பு என்று நான் நினைத்திருந்தேன்.

இந்தக் கூச்சலுக்கு ஆங்கிலத்தில் பொதுச்சொல்லாக நின்றுவிட்ட 'சியர்' என்பதைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அதற்கு முதலில் 'முகம்' என்று பொருள். பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. பிறகு முகத்தில் தெரியும் மனநிலை, பிறகு நல்ல மனநிலை, கடைசியில் அதை வெளிப்படுத்தும் சத்தம். நம் 'முகமலர்ச்சி'யின் முதல் பாதி மட்டும் நடந்துபோய்க் கத்தலாக மாறியது போல. இயேசு சீடர்களிடம் நல்ல சியரோடு இருங்கள் என்று சொல்வதாக ஆங்கில வேதாகமத்தில் வரும் இடத்தைப் பழைய தமிழ் வேதாகமம் "திடன்கொள்ளுங்கள்" என்று பெயர்த்திருக்கிறது. முகத்தை விட்டு நெஞ்சைப் பிடித்த அந்த மொழிபெயர்ப்பாளர்மேல் எனக்குப் பொறாமை.

பத்தாம் நாள் முடிவெடுத்தேன். "மாலுமிகள் கப்பலோரம் நின்று 'ஹஸ்ஸே' என்று மூன்று முறை கூவினார்கள்." கூவினார்கள் என்பது மாமா கொடுத்த வினை. 'ஸே' போப் கொடுத்தது. அடிக்குறிப்பு வேண்டாம் என்று பதிப்பகத்தில் முன்பே சொல்லிவிட்டார்கள்.

போன செவ்வாய்க்கிழமை மெய்ப்பு வந்தது. பதிப்பாசிரியர் தம்பி நல்ல பையன், சிவப்பு மையில் அந்த வரியைத் திருத்தியிருந்தார்: "'ஹிப் ஹிப் ஹுர்ரே' என்று மூன்று முறை கூவினார்கள்." பக்கத்தில், "வாசகருக்குப் புரியட்டுமே அம்மா" என்று ஒரு குறிப்பு.

ஹுர்ரே ஒருவிதத்தில் நம் ஹஸ்ஸேயின் மறுவடிவம்தான். 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே 'ஹுர்ரா' என்ற வடிவில் தலைகாட்டிவிட்டது. அதற்காக மன்னிக்கலாம். 'ஹிப் ஹிப்' அப்படியல்ல. அது 19ஆம் நூற்றாண்டில் வந்து ஒட்டிக்கொண்டது. 1740களின் மாலுமி அதைக் கத்துவது, கட்டபொம்மன் கைக்கடிகாரம் பார்ப்பதற்குச் சமம். அதற்கு ஒரு பொய்க்கதை வேறு உலவுகிறது: 'எருசலேம் வீழ்ந்தது' என்ற லத்தீன் வாசகத்தின் முதலெழுத்துகள் என்றும், சிலுவைப் போர் வீரர்கள் கத்தியது என்றும். 1819 இல் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் தொடங்கி யூதர்களை அடித்து விரட்டிய கும்பல்கள் 'ஹெப் ஹெப்' என்று கத்தியது உண்மை. அதற்கு வீரப் பரம்பரை கற்பிக்கப் பின்னால் கட்டிய கதை இது.

இவ்வளவையும் மெய்ப்பின் ஓரத்தில் எழுத இடமில்லை. இரண்டு ஹிப்பையும் அடித்தேன். ஹுர்ரேயை அடித்து மறுபடியும் 'ஹஸ்ஸே' என்று எழுதினேன். "புரியாவிட்டால் உரக்க வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள் தம்பி" என்று கீழே எழுதி, இன்று காலை தபாலில் சேர்த்தேன். இரண்டாம் அத்தியாயத்தில் கப்பல் பிஸ்கே விரிகுடாவில் புயலில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே அவர்கள் கத்துவதெல்லாம் கெட்ட வார்த்தை. அதற்கு எத்தனை நாள் ஆகுமோ.